நேர்ந்துவிட்ட தலை

ஃபேனை அமத்தணும். அமத்தணும்னா எந்திரிக்கணும். எந்திரிச்சா தலை தலகாணியில உரசும், உரசினா வலிக்கும். எந்திரிக்காம கிடந்தா காத்து முடியைத் தூக்கித் தூக்கிப் போடுது, அதுவும் வலிக்குது. எரியிற கொள்ளியில எது நல்ல கொள்ளி. காத்து பட்டா வலிக்குதுன்னு இவர்கிட்ட சொன்னதுக்கு "அப்படியா"ன்னார். சிரிப்பை அடக்கிக்கிட்டுத்தான் சொன்னார், எனக்குத் தெரியாதா. சிரிச்சே தொலைச்சிருக்கலாம். தலைவலின்னா ஊருக்கே புரியும், தைலம் இருக்கு, மாத்திரை இருக்கு, சூடா ஒரு காபி இருக்கு. இது தலைவலி இல்லை. உள்ள ஒண்ணுமே வலிக்கலை. மேல, தோல்ல, ஒவ்வொரு முடிக்கும் அடியில, தனித்தனியா. நாள்பூரா கொண்டையை இறுக்கிப் போட்டுட்டு ராத்திரி அவுத்தா வேர்ல ஒரு வலி வருமே, பொம்பளைங்களுக்குத் தெரியும், அந்த வலி. ஆனா அது விரலால கோதிவிட்டா அடங்கிரும். இதைக் கோதினா முடி கையோட வந்துருது, வலி மட்டும் அங்கேயே நிக்குது. முடிங்கிறது செத்த பொருள், அதுக்கு உணர்ச்சி கிடையாதுன்னு ஸ்கூல்ல சயின்ஸ் டீச்சர் சொல்லிக் குடுத்தா. அவளைக் கூட்டிட்டு வந்து இந்தத் தலகாணியில படுக்க வைக்கணும். படுத்துப் பாரு தாயி, அப்புறம் பாடம் நடத்து. இப்ப என்ன வாசம் அது? நல்லெண்ணெய். அடுப்புல நல்லெண்ணெய் காயுது. மிளகு வெடிக்கிற சத்தம் கேக்குது. போச்சு. இன்னைக்கு வெள்ளிக்கிழமையா? வெள்ளிக்கிழமைதான். "எழிலு, முழிச்சிட்டியா? எண்ணெய் ஆறட்டும், வந்து தேச்சு விடுறேன்"னு அடுப்படியிலேர்ந்தே சத்தம் குடுக்குறா அண்ணி. அண்ணின்னா இவரோட அக்கா, தனபாக்கியம். புருஷன் போனப்புறம் மண்ணச்சநல்லூர்ல தனியா கிடந்தவ, எனக்கு மார்ல கட்டின்னு தெரிஞ்சதும் பையைத் தூக்கிக்கிட்டு உறையூருக்கு வந்துட்டா. வந்தவ போகலை. வாய்ல "வாங்க அண்ணி, சாப்பிடுங்க அண்ணி"தான். மனசுக்குள்ள வாடி போடிதான். மனசுக்குள்ள கூட மரியாதை குடுக்கணும்னு எந்த டாக்டரும் எழுதிக் குடுக்கலை.

எண்ணெய் ஆறுறதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? வாசமே வயித்தைப் புரட்டுது. கீமோ ஏத்தினதுலேர்ந்து எண்ணெய், தாளிப்பு, சாம்பிராணி எதுவும் ஆகலை, அண்ணியோட வெத்தலை வாசம் ஆகவே ஆகலை. இதையும் சொல்லியாச்சு. "வாசம் பிடிக்கலைன்னா மூக்கைப் பொத்திக்கோ, உடம்புச் சூடு எறங்கணும்ல, சூட்டுலதான் முடி கொட்டுது"ங்கிறா. சூடாம். ரத்தத்துல விஷத்தை ஏத்தி இருக்கிற செல்லையெல்லாம் கொல்றான், அதுல நல்லதும் சாகுது, கெட்டதும் சாகுது, முடியும் சாகுது, இவளுக்கு அது உடம்புச் சூடு. போன வெள்ளிக்கிழமை வேண்டாம் வேண்டாம்ங்கிறேன், என்னை ஸ்டூல்ல உக்கார வெச்சு, ஒரு கரண்டி எண்ணெயை உச்சியில ஊத்தி, பத்து விரலையும் உள்ள விட்டுப் பரபரன்னு தேச்சா பாரு. நான் போட்ட கத்தல்ல கீழ் வீட்டுக்காரி ஓடி வந்துட்டா. "ஒண்ணுமில்லைம்மா, எண்ணெய் தேச்சுவிடுறேன், சின்னப்புள்ளை மாதிரி கத்துறா"ன்னு அவளை அனுப்பி வெச்சா. தேச்ச தேய்ப்புல கொட்டின முடியும் கொட்டாத முடியும் ஒண்ணோட ஒண்ணு சுத்திக்கிச்சு. குளிச்சுட்டுப் பாத்தா பிடரியில ஒரு கை அகலத்துக்குக் கட்டியா, கம்பளி மாதிரி, சீப்பு எறங்கலை. ஒரு பக்கம் தூக்கினா மறுபக்கம் தோலோட இழுக்குது. நான் அழுதுக்கிட்டே, "அண்ணி, அந்தக் கத்தரியை எடுங்க"ங்கிறேன். அவ என் பிடரியையே பாத்துக்கிட்டு நிக்கிறா. அப்புறம் ரெண்டு கையையும் எடுத்து ஒரு கும்பிடு. என் பிடரிக்கு. "சடை விழுந்திருக்குடி எழிலு. ஆத்தா வந்து எறங்கியிருக்கா. இதுல கத்தரி வைக்கக் கூடாது." எண்ணெயைப் போட்டு நீ பிசைஞ்சதுல சிக்கு விழுந்துச்சு, அதை ஆத்தா தலையில போடுற. செஞ்ச தப்பைக் கும்பிட்டுட்டா அது தப்பே இல்லைன்னு ஆயிருமா? அந்தக் கட்டி மேலதான் இப்ப நான் படுத்திருக்கேன். மல்லாக்கப் படுத்தா கட்டி குத்துது. வலது பக்கம் ஒருக்களிச்சா ஆபரேஷன் பண்ண பக்கம். இடது பக்கம் படுத்தா காதுக்கு மேல முடி நசுங்குது. குப்புறப் படுக்க முடியாது, ஏன்னு சொல்ல வேண்டியதில்லை. மனுஷி நின்னுக்கிட்டே தூங்கணும்.

வார்டுல மருந்து ஏத்துற சிஸ்டர் மரியபுஷ்பம் முதல் நாளே சொல்லிட்டாங்க, "கொட்ட ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே ட்ரிம்மர் போட்டு ஒட்ட எடுத்துடுங்கம்மா. கனம் இருக்காது, இழுக்காது, வலி குறையும். பிளேடு மட்டும் வேண்டாம், கீறல் விழுந்தா இன்ஃபெக்‌ஷன் ஆயிரும், உங்க உடம்புல இப்ப அதுக்குச் சண்டை போட ஆள் இல்லை. பேபி ஷாம்பு, வெதுவெதுன்னு தண்ணி, பழைய காட்டன் துணியால ஒத்தி எடுக்கணும், தேய்க்கக் கூடாது." எவ்வளவு சுருக்கமா முடிஞ்சிருக்கும். அன்னைக்குச் சாயங்காலமே இவர் ட்ரிம்மரைச் சார்ஜ்ல போட்டார். அதைப் பாத்துட்டு அண்ணி, "தம்பி, என்ன காரியம் பண்ற? அவ தலை சமயபுரத்தாளுக்கு நேர்ந்தது"ன்னா. நேர்ந்ததா? யார் நேர்ந்தது? என் தலையை? எனக்கே தெரியாம? ஆமாமாம், நேர்ந்துட்டாளாம். எழிலரசி பொழைச்சு எந்திரிச்சா அவ தலைமுடியை முழுசா உனக்குத் தர்றேன் தாயின்னு, மஞ்சத்துணியில காசு முடிஞ்சு வெச்சுட்டாளாம். நேர்ந்த முடியில வேற ஆயுதம் படக்கூடாது, அங்க போய் அவ சன்னிதி மண்ணுலதான் எறக்கணும். சரி, அப்ப இப்பவே கூட்டிட்டுப் போய் எறக்குங்கன்னேன். டாக்டர்கிட்ட கேட்டா, கோயில் கூட்டத்துல கால் வைக்கக் கூடாது, பொதுப் பிளேடு தலையில படவே கூடாதுன்னுட்டார். ஆக, அங்கேயும் போக முடியாது, இங்கேயும் வெட்ட முடியாது. அது பாட்டுக்குக் கொத்துக் கொத்தா கொட்டட்டும், நான் பாட்டுக்குக் கிடந்து கத்தட்டும். முடி கொட்டிரும்னு டாக்டர் சொன்னாரே, கொட்டப்போற முடியைப் போயா நேருவாங்க ஒரு மனுஷி? ரத்தாகப்போற ரயிலுக்கு முன்கூட்டியே டிக்கெட் எடுக்குற மாதிரி. இவர் என்ன பண்ணினார்? ட்ரிம்மரைச் சார்ஜ்லேர்ந்து புடுங்கினார். "அக்கா மனசு நோகும் எழில், கொஞ்சம் பொறு, பேசிப் பாக்குறேன்." அக்கா மனசு நோகும். அக்கா மனசு. என் தோல் நோகுதேய்யா. பேசிப் பாக்குறேன்னவர் பேசுறதுக்கு இன்னும் நல்ல நேரம் பாத்துக்கிட்டிருக்கார். காலைல ஆபீசுக்குக் கிளம்பறப்ப என் தலையைத் தொட வந்து, பாதியில ஞாபகம் வந்து, தோளைத் தொட்டுட்டுப் போனார். அவரைத் திட்டக்கூட எனக்குத் தெம்பு பத்தலை, இருக்கிற தெம்பு அண்ணிக்கே சரியா போகுது.

தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுன்னு நினைச்சுக்கோன்னு கீழ் வீட்டுக்காரி ஆறுதல் சொன்னா. போச்சான்னு உனக்குத் தெரியுமா? டாக்டருக்கே தெரியலை. ஸ்கேன் எடுத்துப் பாக்கணும்ங்கிறார். பாக்க வர்றவங்க எல்லாரும் முதல்ல என் முகத்தைப் பாக்குறாங்க, அப்புறம் கண்ணு மேல போகுது, அப்புறம் மாரைப் பாக்குறாங்க, அப்புறம் வாங்கிட்டு வந்த ஆப்பிளைப் பாக்குறாங்க. ஜங்ஷன்ல டிக்கெட் கவுண்டர் கண்ணாடிக்குப் பின்னாடி உக்காந்து ஜனங்களைப் பாத்தவ நான். சில்லறை இல்லைன்னா தள்ளி நில்லுங்க, ஃபார்ம் நிரப்பிட்டு வாங்க, வரிசையில வாங்கன்னு சொல்லிச் சொல்லியே தொண்டை கட்டினவ. சாமியே வந்தாலும் வரிசைதான்னு கூட வேலை பாக்குறவங்க கிண்டல் பண்ணுவாங்க. அந்த எழிலரசியோட தலையை, கேக்காம கொள்ளாம ஒருத்தி எடுத்து நேர்ந்துவிட்டிருக்கா, ஆட்டை நேர்ந்துவிடுற மாதிரி. சரி, இருக்கட்டும், நேரணும்னு ஆசை, நேரட்டும். அவகிட்ட முடி இல்லையா? அதுதான் எனக்கு ஆறலை. எத்தனை தடவை யோசிச்சாலும் அங்கேயே வந்து நிக்குது. அறுபதை எட்டப்போற வயசுல இடுப்புக்குக் கீழ முடி வெச்சிருக்கா, கருகருன்னு, காதோரம் மட்டும் ரெண்டு நரை. தலைக்குக் குளிச்சுட்டு மாடியில போய் விரிச்சுப் போட்டுக் காய வெக்கிறா, தெருவே பாக்குது. தம்பி பொண்டாட்டி பொழைக்கணும்னு அவ்வளவு உருகுறவ, அந்த முடியை நேர்ந்திருக்க வேண்டியதுதானே? அடுத்தவங்களுக்காக மொட்டை போடுறது நம்ம ஊர்ல இல்லாத வழக்கமா? புள்ளைக்காக அப்பன் போடுறான், புருஷனுக்காக பொண்டாட்டி போடுறா. இவ என்னடான்னா என்னதை எடுத்துக் குடுக்குறா. கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைச்ச கதை. தேங்காய் போனா யாருக்குப் போச்சு, புண்ணியம் வந்தா யாருக்கு வந்துச்சு. மார்ல இருந்த கட்டியோட டெஸ்ட் ரிசல்ட் வந்த அன்னைக்குக்கூடப் பாத்தேனே. ஆஸ்பத்திரி வராண்டாவுல நான் கையைப் பிசைஞ்சுக்கிட்டு உக்காந்திருக்கேன், இவர் உள்ள டாக்டர்கிட்ட நிக்கிறார், இவ ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டு கொண்டையை அவுக்குறா, முடியை முன்னாடி எடுத்துப் போட்டுத் தடவுறா, மறுபடி முடியிறா, மறுபடி அவுக்குறா. உதடு வேற முணுமுணுங்குது. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. இங்க ஒருத்திக்கு உசுரு ஊசலாடுது, அங்க ஒருத்திக்கு அலங்காரம். இவர் வெளிய வந்து, அதுதான்னு தலையை மட்டும் ஆட்டினார். அப்ப அவ கையில முடி அப்படியே இருந்துச்சு, பாதி முடிஞ்சும் பாதி முடியாமலும். அந்தக் கோலம் கண்ணை விட்டுப் போகவே இல்லை.

கரண்டி வைக்கிற சத்தம். ஆறிருச்சு போல. வரப்போறா. அந்தப் பத்து விரல். இல்லை, இன்னைக்கு மாட்டேன். செத்தாலும் மாட்டேன். செத்தாலும்னு சொல்லக் கூடாதுன்னு இவர் சொல்லியிருக்கார், சொன்னா என்ன, சொல்லாம இருந்தா மட்டும் வராதா? எந்திரிச்சாச்சு. தலகாணியைப் பாக்காதே. பாத்துட்டேன். ஒரு எலி படுத்திருந்த மாதிரி கிடக்கு. அலமாரியில இவர் சட்டைக்கு அடியில ட்ரிம்மர், ஒளிச்சு வெச்சிருக்கார், என்கிட்டேர்ந்தா அக்காகிட்டேர்ந்தா தெரியலை. சார்ஜ் இருக்கணும் தாயே. தாயேன்னு யாரைக் கூப்பிட்டேன் இப்ப? பாத்ரூம். தாப்பாள். அம்மாடி. கண்ணாடியில யார் இது? புருவம் இன்னும் இருக்கு, அதுவும் போயிரும்னாங்க. நெத்திக்கு மேல ஒரு பட்டை காலியா, நடுவகிடு ரோடு அகலத்துக்கு, காதுக்கிட்ட நாலு முடி நான் போகலை நான் போகலைன்னு ஒட்டிக்கிட்டு. இதுக்கா இத்தனை ரகளை? இதைத்தானா கடவுளுக்குக் குடுக்கப்போறீங்க? நானா இருந்தா கவுண்டர்ல இதை வாங்கவே மாட்டேன், கிழிஞ்ச நோட்டு, வேற குடுங்கம்பேன். எனக்கு இந்த முடி மேல ஆசை ஒண்ணும் கிடையாது. சின்ன வயசுலேர்ந்தே எலிவால்தான். ஆனா இது இருக்கிற வரைக்கும் நான் சாதாரண மனுஷி, ஏதோ காய்ச்சல்ல படுத்து எந்திரிச்சவ. இது போயிட்டா வியாதிக்காரி. தெருவுல போனா தெரியும். பஸ்ல சீட்டு குடுப்பான். பயமா இருக்கு. சொல்லிட்டேன், பயமா இருக்கு, பாத்ரூமுக்குள்ள யாருக்குக் கேக்கப்போகுது. முடி போறதுக்குப் பயம் இல்லை. முடி மறுபடி முளைக்கிறதுக்குள்ள நான் போயிட்டா? மொட்டையாவே எடுத்துட்டுப் போவாங்களா? பட்டன் எங்க இருக்கு? இதோ. ஐயோ, இந்தச் சத்தம், காதுல வண்டு பூந்த மாதிரி. இடது கையாலேயே நெத்தியிலேர்ந்து வை. வலிக்கும். வலிக்கட்டும், இதுவரைக்கும் வலிக்காமலா இருந்துச்சு? முதல் இழுப்பு. அம்மா. அம்மா. எரியுது. ஆனா இழுக்கலை. கொத்தா விழுது, வாஷ்பேசின்ல, தோள்ல. ரெண்டாவது இழுப்பு. எடுத்த இடத்துல காத்து பட்டுச்சு. குளுகுளுன்னு. வலிக்கலை. கடவுளே, வலிக்கலை. சிஸ்டர் மரியபுஷ்பம், உங்க வாய்க்குச் சக்கரை போடணும். இன்னொண்ணு. ரெண்டு பக்கமும் முடிஞ்சுது, காதை மடக்கி அதுக்குப் பின்னாடியும் எடுத்தாச்சு. எவ்வளவு சின்னத் தலை எனக்கு. எங்கப்பா தலை. இதே மண்டை, இதே மேடு. பிடரிக்கு வா. பிடரிக்கு வரமாட்டேங்குது கை.

வலது கை தோளுக்கு மேல ஏறாது. அக்குள்ள நெறியெல்லாம் எடுத்துட்டாங்கல்ல, அதுலேர்ந்து மடக்கினா நரம்பு கம்பி மாதிரி இழுக்குது. சுவத்துல விரலை ஏத்தி ஏத்திப் பயிற்சி பண்ணச் சொன்னாங்க, பண்றேன், விரல் சுவிட்சு உயரத்துக்கு மேல போகலை. இடது கையை வளைச்சுப் பின்னாடி கொண்டுபோனா மெஷின் அந்தக் கட்டியில போய் மாட்டிக்குது. மாட்டி இழுக்குது. ஐயோ அம்மா. அணைச்சுத் தொலை. அணைச்சாச்சு. பாதித் தலை மொட்டை, பின்னாடி ஆத்தா சடை. இதுக்குத்தானா இத்தனை வீராப்பு? இவருக்குப் போன் போடலாம், போன் கட்டில்ல கிடக்கு. வந்தாலும் என்ன கிழிப்பார், அக்கா மனசு நோகும்பார். "எழிலு! உள்ள என்ன சத்தம்? என்னடி மெஷின் ஓடுது?" வந்துட்டா. கதவைத் தட்டுறா. தட்டட்டும். "எழிலு, தாப்பாள் ஏன் போட்டே? மயக்கம் வந்து விழுந்து கிழுந்து வெச்சேன்னா? தெறடி!" தெறக்க மாட்டேன். இங்கேயே இருப்பேன். எவ்வளவு நேரம் இருப்பே? உக்கார ஸ்டூல் கூட இல்லை, காலைல குடிச்ச கஞ்சி மேல வருது. இந்த வீட்டுல, இந்த நேரத்துல, என் பிடரிக்கு எட்டுற கை ஒரே ஒரு ஜோடிதான் இருக்கு. அந்தப் பத்து விரல். விதியைப் பாரு. யாருகிட்டேர்ந்து ஒளிஞ்சேனோ அவகிட்டயே போய் நிக்கணும். தாப்பாளை எடுத்தேன்.

வெளிய எண்ணெய்க் கிண்ணத்தோட நின்னா. என் தலையைப் பாத்தா. கிண்ணம் சாஞ்சு எண்ணெய் புடவையில வழியுது, அதுகூடத் தெரியலை அவளுக்கு. அப்புறம் மெதுவா, "வெள்ளிக்கிழமையாச்சேடி"ன்னா. அவ்வளவுதான், எனக்கு எங்கேர்ந்துதான் வந்துச்சோ. "வெள்ளிக்கிழமையா? வெள்ளிக்கிழமை என் தலை வலிக்காதா அண்ணி? யாரைக் கேட்டு நேர்ந்தீங்க? இது என் தலை. உங்களுக்கும் ஒண்ணு இருக்குல்ல, இடுப்பு வரைக்கும் தொங்குதுல்ல, அதை நேர வேண்டியதுதானே? மனசு வரலையா? கடைத்தேங்காய்தான் கிடைச்சுதா உடைக்கிறதுக்கு?" கேட்டுட்டேன். இத்தனை நாள் மனசுக்குள்ள உருட்டினதை வாய்விட்டுக் கேட்டுட்டேன். அழுது ஊரைக் கூட்டுவா, பையை எடுத்துக்கிட்டுக் கிளம்புவா, கிளம்பட்டும், நல்லதாப் போச்சு. அவ கிளம்பலை. கிண்ணத்தைக் கீழ வெச்சா. புடவையில கையைத் துடைச்சா. "நேர்ந்தேன்டி"ன்னா. "முதல்ல என்னதைத்தான் நேர்ந்தேன். உனக்கு ஊசி போட்டுச் சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினாங்கல்ல, அது சாதாக் கட்டியா இருக்கணும் தாயி, இந்த முடி அத்தனையும் உனக்குத்தான்னு நேர்ந்தேன். ஆஸ்பத்திரியில நின்னுக்கிட்டு அவகிட்ட எடுத்து எடுத்துக் காமிச்சேன். பாரு, எவ்வளவு இருக்கு பாரு, எடுத்துக்கோன்னேன். தம்பி வெளிய வந்து தலையை ஆட்டினான். அவ வாங்கிக்கலை. என் மசுரு அவளுக்கு வேண்டாமாம். வேண்டாம்னு சொன்னதையே மறுபடி கொண்டுபோய் நீட்டினா வாங்குவாளா? அதான் உன்னதைக் குடுத்தேன். சின்னவ முடி, அதையாச்சும் வாங்கிக்க மாட்டாளான்னு."

கோபம் போகலை, போனா நல்லா இருக்காது, இவ்வளவு வலியை வேற யாரு பேருல எழுதுறது? கேட்டிருக்கணும் என்னை. கேட்டிருந்தா முடியாதுன்னிருப்பேன், அதான் கேக்கலை. சடைன்னு கும்பிட்டதும் தப்புதான், எண்ணெய் தேச்சதும் தப்புதான். ஆனா அந்த வராண்டாவுல பாதி முடிஞ்சு நின்ன கொண்டை திரும்பவும் கண்ணுல வந்து நிக்குது, இந்தத் தடவை அதைத் திட்ட வாய் வரலை. மெஷினை நீட்டினேன். "பின்னாடி எட்டலை. எடுத்து விடுங்க." "நானா? ஆத்தா கோவிச்சுக்குவாடி." "கோவிச்சுக்கிட்டா என்கிட்ட அனுப்புங்க. வரிசையில வரச் சொல்லுங்க." சிரிக்கலை அவ. மெஷினைத் திருப்பித் திருப்பிப் பாத்தா, பட்டனைக் காமிச்சேன், ஓடினதும் பயந்து கையை உதறினா. வெளியிலேர்ந்து ஸ்டூலை உள்ள இழுத்துப் போட்டா. குனிஞ்சேன். முதல்ல கத்தரியால அந்தக் கட்டியை அடியில கொஞ்சம் கொஞ்சமா நறுக்கினா, ஒவ்வொரு நறுக்குக்கும் "தாயி, மன்னிச்சிரு, தாயி, மன்னிச்சிரு"ன்னுக்கிட்டே. என்கிட்ட ஒரு மன்னிப்பு கேக்கலை, கவனிச்சுக்கிட்டேதான் இருந்தேன். கட்டி கழண்டு விழுந்துச்சு. பின்னந்தலையில இருந்த கனம் அதோட போச்சு. அப்புறம் மெஷின், பிடரியிலேர்ந்து மேல. "வலிக்குதா?" "வலிக்குது." "இப்ப?" "இப்பவும்தான்." "முளைக்கும்ல?" "சிஸ்டர் முளைக்கும்னாங்க. மருந்தெல்லாம் ஏத்தி முடிஞ்சப்புறம்." "முளைச்சு எறக்குற அளவுக்கு வளரணும்." "வளரணும்." மெஷின் கொஞ்ச நேரம் ஓடிக்கிட்டே இருந்துச்சு, நகரலை. "அப்ப அதுவரைக்கும் அவ உன்னை வெச்சுக்கிட்டுத்தானே ஆகணும்"னா. "வாங்கிக்க வேண்டியது உன் தலையில இருக்கையில எப்படி விடுவா? எங்க போயிருவா? நான் நேர்ந்தது நேர்ந்ததுதான், வாபஸ் கிடையாது." என்கிட்ட சொல்லலை அதை. என் தலைக்கு மேல பாத்து, வெண்டிலேட்டரைப் பாத்து, மண்ணச்சநல்லூர்க்காரி ஒருத்தி இன்னொரு ஊர்க்காரியை மிரட்டுற மாதிரி சொன்னா. அந்தக் குரலைக் கேட்டதும்தான் எனக்குப் புரிஞ்சுது. நான் பயந்த அதே பயத்தை இவளும் பயந்துக்கிட்டுத்தான் இந்த வீட்டுல எண்ணெய் காய்ச்சியிருக்கா.

தலையில ஒரு சொட்டு விழுந்துச்சு. இன்னொரு சொட்டு. "அழாதீங்க அண்ணி, மெஷினுக்குள்ள தண்ணி போச்சுன்னா உங்க தம்பி கத்துவார்"னேன். "நான் ஏன் அழறேன்"னா. சொட்டு விழுந்த இடம் சுள்ளுனு எரிஞ்சுச்சு. புதுசா எடுத்த தோல், கண்ணீர்ல உப்பு இருக்குல்ல. "எரியுது, துடைங்க"ன்னேன். காட்டன் துணியால ஒத்தி எடுக்கணும், தேய்க்கக் கூடாதுன்னு சிஸ்டர் சொன்னதை இவகிட்ட எத்தனை தடவை சொல்லியிருப்பேன். முந்தானையை எடுத்தா, எண்ணெய் பட்ட நைலக்ஸ் புடவை, ஓரத்துல ஜரிகை வேற, உச்சியிலேர்ந்து பிடரி வரைக்கும் அழுத்தித் தேச்சுத் துடைச்சா. உசுரு போச்சு. நான் ஒண்ணும் சொல்லலை.